பிள்ளைக் காம்பராவின் வாசற்படி

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில் கந்தப்பளை என்னும் சிற்றூர் இருக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிகமான உயரம். முன்னொரு காலத்தில் நானுஓயாவிலிருந்து புறப்பட்ட சிறிய புகையிரதம் இவ்வூரைத் தொட்டுக்கொண்டே இராகலைக்குப் போயிற்று. இன்று அப்பாதையில் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. தேயிலை மலைகளும், அவற்றினிடையே லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளுமே கண்ணுக்குத் தெரிகின்றன.

பனி விலகுமுன் அங்கே ஒரு காட்சியைக் காணலாம். தலையில் கொழுந்துக் கூடையும் இடுப்பில் படங்கும் கட்டிய ஒரு தாய், கம்பளித் துணியிற் சுற்றிய பிள்ளையை மார்போடு அணைத்தபடி லயத்திலிருந்து இறங்கி விரைகின்றாள். பிள்ளைக் காம்பராவின் வாசற்படியில் பிள்ளையைக் கொடுக்கின்றாள். பிள்ளை அழுகின்றது. அவள் திரும்பிப் பார்க்க நேரமில்லை. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர் என்னாகுமோ என்ற அச்சம். கொடுப்பதும் வாங்குவதும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. இந்த வாசற்படியைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச எண்ணுகின்றேன்.

பிள்ளைக் காம்பரா கல்வியின் பொருட்டுத் தோன்றியதன்று. கொழுந்து பறிக்கத் தாயின் இரு கைகளும் வேண்டியிருந்தன. அக்கைகளிலிருந்து பிள்ளையை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. மலையேற இயலாத முதிய பெண்ணொருத்தி அங்கே காவலிருந்தாள். சேலைத் தொட்டில்கள் தொங்கின. பிள்ளை விழாமலும் நெருப்பில் கை வைக்காமலும் மாலை வரை இருந்தால் போதும் என்பதே எதிர்பார்ப்பு. அந்த ஆயம்மாக்களை நான் குறை கூறேன். அவர்கள் ஆற்றிய தாலாட்டுப் பணிக்கு இந்நாட்டின் தேயிலை வருமானத்தில் ஒரு பங்கு உண்டு என்பேன்.

இத்தகைய தொடக்கம் நமக்கு மட்டும் உரியதுமன்று. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி, உரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மொண்டிசோரி அம்மையார் தம்முடைய முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அதற்கு இடம் தந்தவர் யார் தெரியுமா? அக்குடியிருப்புகளைச் சீர்திருத்திய கட்டடச் சங்கத்தின் தலைவரான எதுவார்தோ தலாமோ. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்துவிடப்பட்ட குழந்தைகள் புதிய சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால் செலவு மிஞ்சும் என்பது கணக்கு. அங்கே சுவர் பிழைக்க வேண்டும், இங்கே கொழுந்து நிறைய வேண்டும். இரண்டும் ஒரே வகைக் கணக்குத்தான்.

ஆனால் அம்மையார் அக்கணக்கோடு நிற்கவில்லை. அந்த இல்லத்தின் விதிகளில் இரண்டை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஆசிரியை அதே குடியிருப்பில் வசிக்க வேண்டும் என்பது ஒன்று. தாய்மார் வாரம் ஒருமுறையேனும் ஆசிரியையுடன் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது மற்றொன்று. வாசற்படியில் நின்றுவிட்ட தாயை உள்ளே அழைத்தது அந்த விதி. அம்மையார் 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அப்பயிற்சியின் பயன் மலையேறித் தோட்டத்து லயங்களுக்கு வந்து சேர நெடுங்காலம் சென்றது.

1992ஆம் ஆண்டில், அரசின் பொறுப்பிலிருந்த தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியபோது, அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் கூடியமைந்த ஒரு நிதியம் பிறந்தது. 2002இலிருந்து அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். நீண்ட பெயர், தோட்டத்து மக்கள் ‘ட்ரஸ்ட்’ என்று சுருக்கிக்கொண்டனர். பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. ஆயம்மா இருந்த இடத்தில், படித்துப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். 2015ஆம் ஆண்டில் உலக வங்கி ஐந்து கோடி டொலர் கடனாக வழங்கி ஆதரித்த முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தித் திட்டத்திலும் தோட்டத்து நிலையங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. சுவர்கள் வெளுத்தன, படங்கள் தொங்கின. இவை நல்ல காரியங்களே. ஆயினும் வாசற்படியில் அந்த அரை நிமிடம் பல இடங்களில் அரை நிமிடமாகவே இருக்கின்றது.

“தாய்மாருக்கு அக்கறை இல்லை, கூட்டம் வைத்தால் வருவதில்லை” என்று சொல்வோர் உளர். எத்தனை மணிக்குக் கூட்டம் வைத்தீர்கள் என்று நான் அவர்களைக் கேட்பதுண்டு. முற்பகல் பத்து மணி என்பார்கள்! பத்து மணிக்கு அவள் மலையில் நிற்கின்றாள். குறித்த கிலோ குறைந்தால் பல தோட்டங்களில் அரைப்பேர்தான். அரைநாட் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு உபதேசம் கேட்க வா என்றால் யார் வருவார்?

உண்மையில், தாய் காம்பராவுக்குள் வரும் நேரத்தைச் சட்டமே குறித்து வைத்திருக்கின்றது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திற் பின்னர் சேர்ந்த ஏற்பாட்டின்படி, ஓராண்டு நிரம்பாத பிள்ளையுடைய தாய்க்கு வேலை நேரத்தில் இருமுறை பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருக்குமிடத்தில் ஒவ்வொன்றும் அரைமணிக்குக் குறையலாகாது. இல்லாத இடத்தில் ஒரு மணி. அந்த அரைமணியில் மலையிலிருந்து இறங்கி ஏறும் நேரமும் அடங்கிவிடுகிறதே என்பது தாய்மாரின் முறைப்பாடு, அது நியாயமானது. எனினும் தாயும் உத்தியோகத்தரும் அருகருகே அமர்ந்திருக்கும் வேளை அதுவே. பிள்ளை பால் குடிக்கும்போது, இரவில் எப்படித் தூங்கினான், எந்தச் சொல்லைப் புதிதாகச் சொன்னான் என்று இருவரும் பேசிக்கொண்டால், எந்தக் கூட்டமும் தராத பயன் அங்கே கிடைக்கும். ஓராண்டு முடிந்ததும் அவ்வழக்கம் அறுந்துபோவதுதான் துக்கம். இரண்டு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைக்குத் தாய் தேவையில்லையா?

இனி, தந்தையரைப் பற்றி. இதை யாரும் பேசுவதில்லை. கவ்வாத்து வெட்டும் ஆண்கள் தங்கள் கணக்கை முடித்து மதியத்தோடு மலையிறங்கிவிடுவதுண்டு. பெண்கள் மாலை நிறுவை முடியும்வரை நிற்பார்கள். மதியத்துக்குப் பின் நேரமுள்ளவர் தந்தையே. கந்தப்பளைப் பக்கத்தில் சிலர் அந்நேரத்தில் மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போவார்கள். சிலர் சந்தியில் நின்று பொழுது போக்குவார்கள். காம்பரா பெண்களின் இடம் என்ற எண்ணம் அவர்களைத் தடுக்கின்றது. ஒருநாள் ஒரு தந்தை, கவ்வாத்தில் கழித்த குச்சிகளால் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வண்டி செய்து கொடுத்ததைக் கண்டேன். மறுநாள் இன்னும் இருவர் வந்து நின்றார்கள். யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. செய்ய ஒரு வேலை இருந்தது, வந்தார்கள்.

வயது முதிர்ந்து வேலையிலிருந்து நின்ற அம்மாயிகளும் அப்பாயிகளும் லயத்தில் இருக்கின்றார்கள். ஒரு காம்பராவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வாய் திறவாதிருந்தான். கப்பல், கடற்கரை, சிங்கம் என்று அட்டைப் படங்களைக் காட்டிக் காட்டி உத்தியோகத்தர் சலித்துப் போனார். ஒருநாள் அவனுடைய அம்மாயி ஒரு பிய்ந்த கூடையைத் தைத்துக்கொண்டு அங்கே அமர்ந்தாள். கூடை, கயிறு, கொழுந்து, வங்கிக்கொழுந்து, அட்டை கடித்த கதை என்று பேரன் பொழிந்துவிட்டான். அவனுக்குச் சொற்கள் இல்லாமலில்லை. அவை வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தன.

இப்படிப்பட்ட அனுபவத்தை அந்த உத்தியோகத்தர் யாரிடம் சொல்வார்? இங்கேதான் என் இரண்டாவது கருத்து. தனித்திருக்கும் ஆசிரியை விரைவில் வாடிப்போவார். குஜராத்தில் பாவ்நகரில் 1920ஆம் ஆண்டு பால மந்திரம் தொடங்கிய கிஜுபாய் பதேகா, தாராபாய் மோடக் அம்மையாருடன் சேர்ந்து 1926இல் நூதன் பால சிட்சண் சங்கத்தை அமைத்தார். ஆசிரியர்க்குப் பயிற்சியும், அவர்களும் பெற்றோரும் படிக்கப் பத்திரிகையும் அதன் பணிகளாயின. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் மழலைப் பள்ளி ஆசிரியர்க்கென ஒரு குழு உருவாயிற்று. பின்னாளில் அது பெருஞ் சங்கமாக வளர்ந்தது. பின்பு தாராபாய் அம்மையார், பிள்ளை பள்ளிக்கு வரவில்லையானால் பள்ளி பிள்ளையின் முற்றத்துக்குப் போகட்டும் என்று பழங்குடி மக்களிடையே முற்றத்துப் பள்ளிகளை நடத்தினார். அங்கன்வாடி என்ற சொல் அவ்வழி வந்ததே.

நம் மலையகத்து உத்தியோகத்தர்க்கு நிதியம் பயிற்சி அளிக்கின்றது. பயிற்சி முடிந்து தத்தம் தோட்டத்துக்குத் திரும்பியபின் அவர் தனியர். கந்தப்பளையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் உத்தியோகத்தர்கள் மாதத்துக்கு ஒரு பிற்பகல் கூடி, இம்மாதம் எந்தப் பிள்ளை நம்மைத் தோற்கடித்தது என்று மனந்திறந்து பேசினால் எவ்வளவு நன்று! மேற்பார்வையாளர் பதிவுப் புத்தகத்தைப் பார்க்கும் கூட்டத்தை நான் சொல்லவில்லை. அதில் யாரும் தோல்வியைச் சொல்லமாட்டார்கள். அப்பிற்பகலுக்குச் சம்பளம் வெட்டாதிருப்பது தோட்டத்தின் கடமை.

இறுதியாக, நான் கண்ட ஒரு கரும்பலகையைப் பற்றிச் சொல்கின்றேன். ஒரு காம்பராவின் வாசலில் அது மாட்டப்பட்டிருந்தது. அன்று பிள்ளைகள் செய்ததை உத்தியோகத்தர் நாள்தோறும் அதில் இரண்டு வரி எழுதுவார். வாசிக்க இயலாத தாய்மார் சிலர் அதைப் பாராமலே சென்றனர். ஆனால் பள்ளிவிட்டு வந்து, தங்கையை அழைத்துப் போகத் தாயுடன் நின்ற ஒரு சிறுமி, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள். தாய் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். மறுநாள் முதல் உத்தியோகத்தர் எழுத்தைப் பெரிதாக்கினார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும் சொற்களாகப் பார்த்து எழுதினார். மாலையில் நிறுவை முடிந்து வரும் பெண்கள் அவ்வாசலில் இப்போது சற்று நேரம் நிற்கின்றார்கள்.