வெள்ளம் கொணர்ந்ததா, மனிதர் கொணர்ந்தனரா?

வல்லத்தில் நடக்கும் இதுபோன்ற அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில், நினைவுகூரப்படுபவரின் பெருமையைக் கால் மணி நேரம் பேசுவது மரபு. ஆனால் அவர் யாரையும் 'விஷயத்துக்கு வாப்பா' என்று அதட்டக்கூடியவராம், வீட்டார் சொன்னார்கள். வந்துவிடுகிறேன்.

ஆற்றுப் படிவில் கிடைக்கும் கற்கருவியெல்லாம் வெள்ளம் உருட்டி வந்தது, அதை வைத்து அங்கே மனிதர் தங்கினர் என்று பேசக்கூடாது என்பது என் நண்பர்கள் சிலரின் கட்சி. இருவர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். கருத்தரங்குகளில் நான் பதில் சொல்லத் தொடங்கினால் மணியடித்துவிடுவார்கள். இன்று மணி அவர்களிடம் இல்லை.

வெள்ளம் கொணர்ந்த பொருள் எப்படி இருக்கும் என்று பார்க்க நீங்கள் நெடுந்தூரம் போகவேண்டாம். சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன அடிமரங்கள் அங்கே படுத்துக் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை. எங்கோ வளர்ந்ததைப் பெருவெள்ளம் இழுத்துவந்து மணலில் புதைத்தது. இதில் எனக்கு மறுப்பில்லை. அதே கண்ணோடு அத்திரம்பாக்கத்துக்கு வாருங்கள்.

கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அந்த இடத்தை 1863 செப்டம்பரில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் கண்டறிந்தார். பல்லாவரத்தில் முதல் கைக்கோடாரியை அவர் எடுத்ததும் அதே ஆண்டுதான். 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழ்ந்தனர். மேலே சரளைகள், அவற்றுக்குக் கீழே ஏடு ஏடாகப் படிந்த, பல மீட்டர் கனமுள்ள களிமண். டைனோசர் காலத்துக் கடல் படிவு, அதற்குள் மனிதச் சுவடு ஏது என்று முந்தைய ஆய்வாளர்கள் ஒதுக்கிய களிமண் அது. தோண்டிப் பார்த்தால் அதற்குள்ளேயே கைக்கோடாரிகள்! ஆறு கரைமீறிப் பரவி, நின்று, வடிந்தபோது விட்டுச்சென்ற மண் அது என்று தெரியவந்தது. அடியிலுள்ள கருவிகளின் வயது குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள்.

இப்போது நண்பர்களைக் கேட்கிறேன். கல்லை உருட்டும் நீர் களியைப் படியவிடாது. களியைப் படியவிடும் நீரால் கல்லை உருட்ட முடியாது. 2024 டிசம்பரில், மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டிய அந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பின், தண்ணீர் புகுந்து வடிந்த வீடுகளில் வழவழவென்று சேறு கிடந்ததே, நடுக்கூடத்தில் பாறாங்கல்லா கிடந்தது? இன்னொன்று. அந்தக் களிமண்ணில் செதுக்காத கூழாங்கல்லே இல்லை என்னும்படி இருக்கிறது. செதுக்கிய கல் மட்டும் இருக்கிறது. கொற்றலையாறு என்ன, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கருவிகளை மட்டும் பொறுக்கி வந்ததா?

பொறுக்கியவர்கள் மனிதர்கள். அல்லிக்குழி மலைப்பக்கத்தில் கிடைக்கும் குவார்ட்சைட் கல்லில் பெரிய சில்லுகளைப் பெயர்த்து, கையோடு எடுத்துவந்து, இங்கே விளிம்பைச் சீர்செய்திருக்கிறார்கள். போகிற இடத்தில் கல் கிடையாது என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அகழ்வில் விலங்குகளின் குளம்படித் தடங்களும் வந்திருக்கின்றன. அவற்றோடு சேர்த்துப் பார்த்தால் படம் தெளிகிறது: நீர் வடிய, புல் தழைக்க, விலங்கு இறங்க, பின்னாலேயே மனிதர். பருவத்துக்குப் பருவம் வந்து போனார்கள் என்பது என் ஊகம். மறுப்பதானால் மண்ணைக் காட்டி மறுக்கட்டும்.

பிற்காலத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கேயே பெரிய கைக்கோடாரிகள் அருகி, சிறிய சில்லுக் கருவிகள் பெருகுகின்றன. பருவமழையின் ஏற்ற இறக்கத்துக்கு இதில் பங்கு உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன், சான்று போதாது. இன்னும் பின்னால் வந்தால், ஆந்திரத்து ஜ்வாலாபுரத்தில் 74,000 ஆண்டுகளுக்கு முந்தைய தோபா எரிமலைச் சாம்பலுக்குக் கீழும் மேலும் கருவிகள் உள்ளன.

நம் பக்கத்தில் கீழ்வாலை, செத்தவரை என்று பாறை ஓவியங்களைத் தேடிப் போகிறோம், அண்ணாந்தே பார்க்கிறோம். இத்தகைய கருவிகள் உண்டா என்று, சங்கராபரணி அறுத்த கரைகளையும் யாராவது குனிந்து பார்க்கவேண்டும். தொண்டியாற்றையும்தான். வண்டல் அடுக்குகளுக்கு ஒளிர்வுமுறையில் காலம் கணிக்கலாம். கிணறு வெட்டும் இடங்களில் எத்தனையாவது அடியில் சரளை, எத்தனையாவதில் களி என்று பள்ளிப் பிள்ளைகளே குறித்துவைக்கலாம்; ஒரு நோட்டும் அளவு நாடாவும் போதும். செங்கல் சூளைப் பள்ளங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மழைக்கு முன்பாக.