பிளக் செருகும் காரும் பொதுப்பணமும்



ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தை விடுத்து மோட்டார் காரைப் பற்றிப் பேசப் புகுந்தமைக்கு நம் புலவர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். தில்லியின் நவம்பர்ப் புகையில் இருமிக்கொண்டு முல்லைத் திணையின் மணத்தை விரித்துரைப்பது எளிதன்று.

'பிளக்-இன் ஹைபிரிட்' எனப்படும் கார் ஒரே உடலில் ஈருயிர் கொண்டது. வீட்டு மின்சாரத்தால் நிரப்பத்தக்க பாட்டரியும் மோட்டாரும் ஒருபுறம். பெட்ரோல் எஞ்சின் மறுபுறம். ஏறத்தாழ 10 யூனிட் கொள்ளும் பாட்டரி இருப்பின் 50 கிலோமீட்டர் அளவுக்குப் பெட்ரோல் செலவின்றி ஓடும். அலுவலகம் சென்று மீள நம்மிற் பலருக்கு அது தாராளமாகப் போதும். ஹரித்துவாருக்குப் புறப்பட்டாலோ வழியில் மின்சாரம் கிடைக்குமா என்ற கவலை இல்லை. இவ்வளவில் இதனை வாங்கத் தகாத வண்டி என்று நாம் கூறமாட்டோம். செல்வமுடையோர் வாங்கட்டும். அதற்கு அரசாங்கம் பணம் தரலாமா என்பதே வழக்கு.

காரின் விலையோடு மானியம் கொடுக்கப்பட்டுவிடுகிறது. காற்றுக்கு நன்மையோ ஒவ்வோர் இரவும் உரிமையாளர் பிளக்கைச் செருகும்போதுதான் விளைகிறது. செருகாவிடில் கனத்த பாட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் கார்தான் அது. ஐரோப்பாவில் சாலையில் ஓடும் கார்களின் எரிபொருள் கணக்கைத் திரட்டிப் பார்த்த ஐரோப்பிய ஆணையம், இவ்வகைக் கார்கள் சோதனைக்கூடத்தில் காட்டியதைப் போல் சுமார் மூன்றரை மடங்கு கரிவாயுவை வெளியிடுவதாக 2024 இல் அறிவித்தது. போதிய அளவு மின்சாரம் ஏற்றாமையே அதற்குத் தலையாய காரணம். கம்பெனி தந்த காருக்குக் கம்பெனியே பெட்ரோலும் போடுமாயின் பிளக்கைத் தேடி அலைபவர் யார்? பிரிட்டன் 2011 இல் மானியம் வழங்கத் தொடங்கி, 2018 இல் இவ்வகைக் கார்களை அப்பட்டியலினின்றும் நீக்கிவிட்டது.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2015 இல் தொடங்கிய 'ஃபேம்' திட்டத்தில், தனி மின்சாரத்தால் ஓடவே இயலாத இலேசான ஹைபிரிட்டுகளுக்கும் மானியம் சென்றது. 2017 இல் அதனை நிறுத்தினர். 2019 இல் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் வந்த இரண்டாம் திட்டம், கார்களைப் பொறுத்தவரை வாடகைக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் ஓடுவனவற்றுக்கே உதவியது. 2024 இல் வந்த 'பி.எம். இ-டிரைவ்' திட்டமோ காருக்கு மானியமே வைக்காமல் 4,391 கோடி ரூபாயைப் பேருந்துகளுக்கு ஒதுக்கிற்று. எனினும் அதே ஆண்டு ஜூலையில் உத்தரப் பிரதேச அரசாங்கம் பிளக்-இன் ஹைபிரிட்டுகளுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. யமுனைக்கு அக்கரையில் வாழும் நம் அன்பர்கள் அதனை வரவேற்றனர். வரித் தள்ளுபடியும் பொதுப்பணமே என்று நாம் கூறியபோது அவர்களுடன் சற்றே மனத்தாங்கலும் நேர்ந்தது!

நம் காலனியைப் பாருங்கள். வீடு மூன்றாம் மாடியில். காரோ அன்றிரவு கிடைத்த இடத்தில், பெரும்பாலும் அடுத்த சந்தில். மேல்மாடியிலிருந்து கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் ஏற்ற முடியுமா? மழைக்காலத்தில் அப்படித் தொங்கும் கம்பியின் கீழ் நம் குழந்தைகள் விளையாடுவதை யார்தான் பொறுப்பர்? வீட்டு இணைப்பிலிருந்தே வண்டிக்கு மின்சாரம் ஏற்றலாம் என்று மத்திய மின்துறை 2022 இல் தெளிவுபடுத்தியது. அந்த அனுமதி, கார் நிற்கும் இடத்தில் பிளக் இருப்பவருக்கே பயன்படும். வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்கு மின்வசதி வேண்டும் என 2019 இல் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகளும் புதிய கட்டடங்களை நோக்கியவையே. பழைய காலனிகள் பழையபடியே கிடக்கின்றன.

ஆதலின் காருக்குத் தரும் பணத்தைக் கார் நிற்கும் இடத்திற்குத் தருக என்கிறோம். அங்கு அமையும் பிளக்கினால் இன்று ஹைபிரிட்டும், நாளை முழு மின்சாரக் காரும், நம் காலனியில் காய்கறி கொணரும் மின்சார ரிக்‌ஷாவும் பயன்பெறும். எஞ்சியது பேருந்துக்குப் போகட்டும். கார் இல்லாத குடும்பங்களும் வரி செலுத்துகின்றனவே.

இக்கருத்தைக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு மனுவாக எழுதி, மண்டப வாயிலில் வைத்திருக்கிறோம். ஹைபிரிட் வாங்கியுள்ள அன்பர்களும் அருள்கூர்ந்து கையொப்பமிடலாம்.