பழைய காரும் மாற்றிய ஒயரும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எமக்கு முன் பேசிய அறிஞர்கள் அம்மரபைச் செவ்வனே காத்துவிட்டனர். ஆதலின் நாம் சற்றே வழி விலகி, மோட்டார் காரின் இக்னிஷன் ஒயரைப் பற்றிப் பேச விழைகின்றோம். இரயில்வே எழுத்தருக்கும் கார் ஒயருக்கும் யாது தொடர்பு என்று செயலாளர் வினவினார். அடுகோடியில் குடியிருப்பவருக்கு ஸ்பார்க் பிளக் தெரியாது என்றால் அன்றோ வியப்பு என்று விடையிறுத்தோம்.

1886ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் ராபர்ட் பாஷ் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். 1902இல் அப்பட்டறையிலிருந்து உயர் அழுத்த மாக்னெட்டோவும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கும் வெளிவந்தன. அந்நிறுவனத்தின் கூட்டுறவோடு 1951இல் பெங்களூரில் தோன்றியதே நம்மவர் ‘மைக்கோ’ என்று வழங்கும் தொழிற்சாலை. ஓசூர் சாலையில், நம் அடுகோடியில், பிளக்குகள் உருவாயின. நம் சங்கத்து மூத்த உறுப்பினர் சிலர் அங்கே உழைத்து ஓய்வு பெற்றவர்கள். பின்னர் உற்பத்தி பிடதிக்குப் பெயர்ந்தது. 2022இல் அவ்விடத்தில் தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பெற்றது. ஆலை பெயர்ந்தாலும் அம்மூத்தோரின் கைப்பழக்கம் பெயரவில்லை. மாலை வேளைகளில் அவர்கள் வாய்மொழியாகக் கேட்டறிந்ததே நாம் இன்று பேசப்போவதில் பெரும்பகுதி.

நிற்க. பழைய காரில் தீப்பொறி பிறக்கும் வகை யாது? பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சாவியின் வழியே காயிலை அடைகிறது. காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டுக்குச் செல்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தம் ஏறுகிறது. திறந்த நொடியில் அக்காந்தம் சரிகிறது. அச்சரிவில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழன்றால் நொடிக்கு நூறு பொறி! பாயிண்டின் இடைவெளியோ அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டி வகுத்த முறை இது. 1958 முதல் 2014 வரை உத்தரபாராவில் உருவான அம்பாசடரின் பெட்ரோல் வண்டிகளிலும், சென்னையை அடுத்து உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் நெடுங்காலம் இம்முறையே பணி செய்தது.

முறை எளியது, எளியதாதலின் எவரும் அதில் கை வைக்கத் துணிந்தனர். பாட்டுப் பெட்டி வேண்டுமா? காயிலின் முனையிலிருந்து ஓர் ஒயரை இழு. திருடருக்கு அஞ்சுகிறாயா? இருக்கைக்கு அடியில் ஒரு இரகசிய சுவிட்சை வை. சாவி தேய்ந்துவிட்டதா? பித்தானை அழுத்திக் கிளப்பு. இவ்வாறு கை மாறக் கை மாற, ஐம்பது ஆண்டுக் காரில் ஐந்து பேருடைய கருத்து ஒயராக ஓடுகிறது. எவரும் ஒன்றையும் எழுதி வைத்தாரில்லை. இரயில்வேயில் சிக்னல் ஒயரின் ஒரு முனையை மாற்ற வேண்டுமாயினும் வரைபடமும் கையொப்பமும் வேண்டும். அந்தக் கண்கொண்டு நோக்கும் எமக்கு இத்தகைய கார்கள் அச்சமூட்டுகின்றன. அச்சம் வெறும் அச்சமன்று. பழைய பிரிட்டிஷ் மரபுக் கார்களில் சாவியிலிருந்து காயிலுக்குச் செல்லும் ஒயருக்கு பியூஸ் கிடையாது. அதில் தொங்கவிட்ட ஒயர் எங்கேனும் தகரத்தில் உராய்ந்து தோலிழந்தால், பியூஸுக்கு மாறாக ஒயர்க் கட்டே எரியும்.

இனி ஒரு வண்டியின் கதை. நம் அன்பர் ஒருவரிடம் 1969ஆம் ஆண்டு அம்பாசடர் ஒன்று உள்ளது. அவர்தம் தந்தையார் வாங்கியது. அரை மணி ஓடினால் காயில் தொட முடியாதபடி சுட்டு வண்டி நிற்கும். ஆறிய பின் ஓடும். மாதம் ஒரு முறை பாயிண்ட் கருகும். சில நாட்களில் மேடு பள்ளத்தில் திடீரென நின்று, மறுநொடியே கிளம்பும். பாயிண்ட் மாற்றினார்கள், கண்டென்சர் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். செலவு ஏறியதேயன்றி நோய் இறங்கவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் விலை பேசிச் சென்ற பிறகே அன்பர் எம்மிடமும், மைக்கோவில் பணியாற்றிய பெரியவரிடமும் வந்தார்.

பெரியவர் முதலில் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றச் சொன்னார். பிறகு எம்மைத் தாளும் பென்சிலும் எடுக்கச் சொன்னார். எழுத்தருக்கு ஏற்ற வேலை! இரண்டு மாலை முழுதும், இருக்க வேண்டிய ஒயரை விடுத்து, இருக்கின்ற ஒயரை வரைந்தோம். லூகாஸ் மரபில் பழுப்பு நிறம் எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை சாவிக்குப் பின்னது. வெள்ளையில் கறுப்புக் கோடு காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்வது. முழுக் கறுப்பு எர்த். ஆனால் மாற்றிய காரில் நிறத்தை நம்பலாகாது. இவ்வண்டியில் யாரோ வீட்டு வேலையில் மிஞ்சிய சிவப்பு ஒயரையே எல்லாவற்றுக்கும் பூட்டியிருந்தார். ஆகவே ஒவ்வொரு முனையையும் மீட்டரால் தொட்டே அறிந்தோம்.

பெரியவர் கூறிய முதன்மையான சொல் இது: இங்கே நோய் ஒன்றன்று, இரண்டு. சுட்டு நிற்பது வேறு. குலுங்கி நிற்பது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதாலேயே முன்னவர்கள் திகைத்தனர்.

காயிலின் இரு சிறு முனைகளுக்கிடையே மின்தடையை அளந்தோம். அதற்கு முன் மீட்டரின் இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, அது காட்டும் சிறு தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். இத்துணைச் சிறிய அளவில் அதுவே ஏமாற்றிவிடும். வந்தது 1.5 ஓம். அவ்வண்டிக்கு வேண்டியதோ ஏறக்குறைய 3 ஓம். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் 4 ஆம்பியர். ஒன்றரையால் வகுத்தால் 8 ஆம்பியர். வேறு வகைக் காரின் காயில் அது. அக்காரில் மற்றொரு 1.5 ஓம் ரெசிஸ்டர் வெளியே தனியாக இருக்கும். காயிலை மட்டும் கொணர்ந்து பூட்டியவர் ரெசிஸ்டரை விட்டுவிட்டார். மின்னோட்டம் இருமடங்கானால் காயிலின் சூடு நான்கு மடங்கு. பாயிண்ட் கருகாமல் என் செய்யும்? ஜே.சி. சாலைக் கடையில் 3 ஓம் காயில் வாங்கிப் பூட்டினோம். முதல் நோய் தீர்ந்தது.

இரண்டாவதற்கு மீட்டர் உதவாது. டெஸ்ட் லாம்ப் வேண்டும். காயிலில் டிஸ்டிரிபியூட்டர் ஒயர் சேரும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே விளக்கை மாட்டினோம். பாயிண்டுகளுக்கிடையே காகிதத் துண்டு செருகித் திறந்து வைத்தோம். சாவியைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும், எரிந்தது. ஓட்டுநர் இருக்கையை முன்னும் பின்னும் அசைக்கவே அணைந்தது. அணைந்த நிலையில் அம்முனையிலிருந்த ஒயர்களைக் கழற்றினோம், மீண்டும் எரிந்தது. எனவே காயிலுக்கு மின்சாரம் வருகிறது. வெளியே செல்லும் ஒயர் ஒன்றுதான் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்பது தெளிவாயிற்று. டிஸ்டிரிபியூட்டர் ஒயரை மட்டும் திரும்ப மாட்டினோம், விளக்கு அணையவில்லை. எஞ்சியது இரகசிய சுவிட்சுக்குப் போகும் சிவப்பு ஒயர். அச்சுவிட்சு போட்டால் பாயிண்ட் முனையை எர்த்தாக்கிப் பொறியை நிறுத்தும் வகை. அதன் ஒயர் இருக்கைத் தண்டவாளத்தின்கீழ் நசுங்கித் தோலிழந்து, சுவிட்சுப் போடாமலே அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தது. திருடனைத் தடுக்க வைத்தது உரியவரையே நடுச்சாலையில் நிறுத்தியது! அதனை அடியோடு நீக்கினோம். பாட்டுப் பெட்டிக்குத் தனி பியூஸ் வைத்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேர் ஒயர் கொடுத்துச் சோதிக்கும் பழக்கம் உண்டு. சாவியில் பழுதா என அறிய அது நல்ல வழியே. ஆயின் அப்போது சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. அவ்வொயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். இளைஞர்கள் இதனை நினைவிற் கொள்க.

வண்டி இப்போது நன்கு ஓடுகிறது. இரும்புக் கடைப் பேச்சு நின்றது. வேறொரு பேச்சு எழுந்துள்ளது. 2021இல் நடுவணரசு வகுத்த விதியின்படி, ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவில் பேணப்பெறும் வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதியலாம். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றியிருத்தல் கூடாது. அன்பரின் மக்கள் அவ்வாறே பதிய விரும்புகின்றனர். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல் போன்றவற்றுக்கன்றி நாள்தோறும் ஓட்டலாகாது. அன்பரோ ஞாயிறுதோறும் அவ்வண்டியில் கலாசிபாளையம் சென்று காய்கறி வாங்குபவர். இன்னும் முடிவு செய்யவில்லை. நாம் வரைந்த ஒயர்ப்படம் மட்டும் வண்டியின் ஆவணங்களோடு அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. பார்க்க விழைவோர் விழா முடிந்தபின் எம்மிடம் படியெடுத்துக்கொள்ளலாம்.