கோர்வை ஆளுக்குக் கூலி எங்கே?

காஞ்சிபுரம் பட்டைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது கோர்வையைத்தான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் பிரியாமல் பூட்டிக்கொள்ளும். அதற்கு மூன்று நாடா ஓடியாக வேண்டும். ஒருவரால் ஆகாது. நெய்கிறவர் பக்கத்தில், கரை நாடாவை வாங்கிப் போட ஒரு துணை ஆள் வேண்டும்.

பல ஆண்டுகள் அந்த இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள்.

யார் வீட்டுப் பிள்ளைகள்? நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமா? ஏரித் தண்ணீரை நம்பி நடவுக்கும் அறுப்புக்கும் போகிற சுற்றுவட்டாரக் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளும்தான். ஏரி வற்றினால் கூலி இல்லை. வீட்டில் ஒரு நோய் என்றாலும் கல்யாணம் என்றாலும் தறிக்காரரிடம் முன்பணம். மறுநாள் பிள்ளை தறியில். இந்தியப் பட்டுத் தொழிலில் சிக்கிய கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2003-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதில் இருக்கிறது. 1,000 முதல் 10,000 ரூபாய் வரையிலான கடனுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை. வாரத்தில் ஆறரை நாள், அல்லது ஏழு நாளும்! கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்களாம்.

பிஞ்சு விரலுக்குத்தான் பட்டிழை பிடிபடும் என்று ஒரு கதை. சுத்தப் பொய். உடலையும் முந்தியையும் இழைக்கு இழை சேர்க்கிற பெட்னி இதைவிட நுணுக்கமான வேலை. அதைச் செய்வது கைதேர்ந்த பெரியவர்கள். பிள்ளையைத் தேடியது விரலுக்காக அல்ல, கூலி மிச்சத்துக்காக.

1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. கூடவே, குடும்பத்தார் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கும் தந்தது. இங்கே தறி இருப்பதே வீட்டுக்குள்! அதிகாரி வந்தால் தறியில் இருக்கிற பிள்ளை அண்ணன் மகன் ஆகிவிட எவ்வளவு நேரம்? 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டவரை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றது, நல்லது. ஆனால் அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி விட்டபின் உதவலாம் என்று கதவை ஒருக்களித்து வைத்தது. அந்தக் ‘குடும்பம்’ அத்தை, மாமா வரைக்கும் நீள்கிறது.

பள்ளியும் சோறும் பலரை மீட்டன, மறுப்பதற்கில்லை. 1982-இல் சத்துணவு வந்தது. இந்த ஊர் பெற்ற அண்ணாவின் பிறந்த நாளில், 2022-இல், காலை உணவும் தொடங்கியது. ஆனால் முன்பணம் வாங்கும் நிலை மாறாத வீட்டில் பிள்ளையின் படிப்பு அடுத்த கடன் வரைக்கும்தான்.

ஆகவே கூட்டுறவுச் சங்கங்களே, ஜவுளிக்கடை முதலாளிகளே, கோர்வைத் துணைக்கும் பெரியவர் கூலியைச் சேர்த்தே சேலைக்கு விலை போடுங்கள். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களே, ஜரிகையை உரசிப் பார்ப்பதற்கு முன்னால், இதற்குத் துணை உட்கார்ந்தது யார், கூலி எவ்வளவு என்று கடைக்காரரைக் கேளுங்கள்.