வயிற்றில் பிள்ளை இருந்தால்தான் கணக்கா?



பத்தில் ஒன்பது பெண்கள். இந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மேடை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது: தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனையை வாழ்நாளில் ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மீதி ஒன்பது பேரும் யார்? காவிரிப் பாசன வயல்களில் நாற்றுமுடியைக் கையில் பிடித்துக் குனிந்து நிற்கிற பெண்கள்தாம். நடுக்காவேரியிலும் தில்லைஸ்தானத்திலும் கண்டியூரிலும் இருக்கிற உங்கள் அக்காக்கள், அண்ணிகள், சம்பந்தி வீட்டு அம்மாக்கள்.

ஏதோ திட்டமே வராத பொட்டல்காடு இது என்று நினைத்துவிடாதீர்கள். 2007 வாக்கில் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு அரசு இந்தச் சோதனையை முதன்முதலாக நடத்திப் பார்க்க மாநிலம் முழுவதிலும் இரண்டே மாவட்டங்களைப் பொறுக்கியெடுத்தது. ஒன்று தேனி. இன்னொன்று தஞ்சாவூர்! நம் தஞ்சாவூர். முதலில் ஆரம்பித்த மண்ணிலேயே முப்பது தாண்டிய பெண்ணைக் கூப்பிட்டு, ‘அம்மா, உனக்குச் சோதனை ஆயிற்றா?’ என்று கேட்க ஆளில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அதே பெண் கர்ப்பமாக இருக்கட்டும், காட்சியே மாறுகிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் நர்ஸம்மா வாசலுக்கு வருகிறார். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் கொடுக்கிறார்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஸ்கேன் எல்லாம் தேதி போட்டு நடக்கின்றன. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி, 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது, இன்று 18,000 ரூபாய். 108க்கு போன் போட்டால் வண்டி வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவம் ஆஸ்பத்திரியில். 2018-20 கணக்கில், உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு இந்தியா முழுவதும் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுகிறவன் நன்றி கெட்டவன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு பகலாக மூன்று ஷிப்ட் பார்க்கிற செவிலியர்கள் உழைத்துச் சம்பாதித்த பெயர் இது.

ஆனால் இரண்டாவது பிள்ளை பிறந்து, குடும்பக் கட்டுப்பாடும் முடிந்ததா? அத்தோடு சரி. பேரேட்டை மூடிவிடுகிறார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால்தான் அவள் கணக்கில் வருவாளா?

குடும்பக் கட்டுப்பாடு என்றதும் ஆண்கள் பக்கம் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. அதே தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுத் திருமணமான பெண்களில் 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் எவ்வளவு? 0.1 சதவீதம். ஆயிரத்தில் ஒருவர்! அந்த ஒருவர் இந்தப் பந்தலில் இருந்தால் மேடைக்கு வரட்டும், மாலை போடலாம். மற்றவர்கள் சிரிப்பது இருக்கட்டும். பெற்றவளும் அவள், கத்திக்குப் படுத்தவளும் அவள் என்பதை வீட்டுக்குப் போகும்போது நினைத்துக்கொண்டு போங்கள்.

சரி, சோதனை என்றால் என்ன பெரிய வித்தை? ஒரு மேசை, ஒரு திரைச்சீலை, நல்ல வெளிச்சம், பஞ்சு, கிண்ணத்தில் நீர்த்த அசிட்டிக் அமிலம். நம் சமையலறை வினிகரில் இருப்பதும் அதுதான். கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துவிடலாம். இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ் தொற்றுப் பிடித்த நாளிலிருந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அத்தனை வருடம் அவகாசம் கொடுக்கிற நோய் இது! அவகாசம் இருந்தும் இந்த நாட்டில் ஆண்டுதோறும் 75,000 பெண்களுக்கு மேல் இதற்குப் பலியாகிறார்கள்.

‘கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா?’ என்பவர்களுக்குத் திண்டுக்கல் பதில் சொல்லியிருக்கிறது. அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து 2000இல் தொடங்கிய ஆய்வு அது. 30 முதல் 59 வயதுவரை உள்ள 31,000க்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்களைச் செவிலியர்களே சோதித்தார்கள். தேவைப்பட்டவர்களில் பலருக்கு, வந்த இடத்திலேயே கோளாறான இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்தது. உலகமே எடுத்துக் காட்டுகிற ஆய்வு நம் திண்டுக்கல் ஆய்வு. திருவையாற்றுக்கு அது வந்து சேர இன்னும் எத்தனை காலம்?

அதிகாரிகளைக் கேட்டால், ‘பெண்களே வருவதில்லை சார், கூச்சம்’ என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். பிரசவத்துக்கு வரும்போது இல்லாத கூச்சமா? மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் விடிகிற நேரத்துக்கு அவள் வயலில் இறங்குகிறாள். ஓ.பி. சீட்டு கொடுப்பதும் காலையில்தான். அன்று போனால் அன்றைய நடவுக் கூலி போச்சு. பெண்களுக்கான விடியல் பயணத் திட்டத்தில் டவுன் பஸ்ஸுக்கு டிக்கெட் வேண்டாம். போன கூலியை யார் தருவார்? வரிசையில் நின்று உள்ளே போனாலும், கதவு சாத்தாத அறையில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில், ‘வெள்ளைப்படுது’ என்று எந்தப் பெண் வாய் திறப்பாள்? சந்தேகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் தஞ்சாவூருக்குப் போ, ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குப் போ, இன்னொரு நாள் வா என்கிறார்கள். அந்த இன்னொரு நாளில்தான் அவள் நின்றுவிடுகிறாள்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. ‘இந்தியச் சராசரி 2 சதவீதம்தான், நாம்தான் முன்னணி’ என்று மார்தட்டுகிறவர்கள். நூற்றுக்குப் பத்து மார்க் வாங்கியவன் முதல் ரேங்க் என்று இனிப்புக் கொடுப்பதைப் போல இருக்கிறது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் பாருங்கள். அங்கே கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019இல் விசாரணை நடந்தது. ஏறக்குறைய 82,000 பேரில் 13,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பையே இல்லை! வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று போனவர்களிடம் புற்றுநோய் வரும் என்று பயம் காட்டி, அறுத்து, காசு பறித்திருக்கிறார்கள் தனியார் மருத்துவமனைக்காரர்கள். அரசாங்கம் பார்க்காத உடம்பை வியாபாரி பார்ப்பான்.

நம் திருவையாற்றுக்கென்று, ஒரு பெண் விடாமல் போராடிய வரலாறு உண்டு. இசைமேதை தியாகராஜரின் சமாதியை 1920களில் தன் சொந்தப் பணத்தில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். கட்டியவர் பெண், ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள் ஆராதனையை நடத்திய இரண்டு கட்சி ஆண்களும். அவர் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. பெண்களைச் சேர்த்துத் தனிக் கட்சியே தொடங்கி அங்கேயே பாடினார். இன்று ஆராதனையில் பஞ்சரத்தினக் கீர்த்தனை பாடப் பெண்கள் முன்வரிசையில் உட்காருகிறார்கள் என்றால் அந்த அம்மாவின் பிடிவாதம்தான் காரணம்.

இன்னொரு அம்மா, பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தவர். அவர் பெயரைக் கர்ப்பிணிக்கான பணத்துக்கு வைத்தார்கள், நல்லது. அவர் உயிரைக் கொடுத்துப் போராடிய நோய்க்குச் சோதனை செய்ய நம் கிராமத்துப் பெண்ணைத் தேடிப்போக ஏன் கால் வரவில்லை? அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே வீட்டில், அதே தன்னார்வலர், ‘சோதனை ஆயிற்றா?’ என்று கேட்க எத்தனை கோடி வேண்டும்?

கேட்பது இவ்வளவுதான். பிக்மி எண் போல முப்பது தாண்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பதிவு. நடவு, களையெடுப்புக் காலத்தில் வாரம் ஒரு நாளாவது மாலையில் சோதனை. கதவு சாத்திய அறை, பெண் செவிலியர். சோதித்த அன்றே செய்யக்கூடிய சிகிச்சை அன்றே.

ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊரில் கிராமசபை கூடும். தாய்மார்கள் சேர்ந்து போங்கள். ‘நம் ஊராட்சியில் முப்பது தாண்டிய பெண்கள் எத்தனை பேர், அவர்களில் சோதனை செய்தவர்கள் எத்தனை பேர்?’ என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்ணையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை ஒருத்தியும் கையெழுத்துப் போடாதீர்கள்.