உடலின் உட்காவல்

பண்டத்தரிப்பிலே ஒரு வீட்டின் படலையில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தால், உள்ளே யாருக்கோ அம்மாள் வருத்தம் என்பதை அயலவர் அறிந்துகொள்வர். வந்தவர் படலையோடு நின்று நலம் விசாரித்துத் திரும்புவர். பிள்ளைக்குக் கொப்புளிப்பான் கண்டிருக்கும். சில நாட் காய்ச்சலும் கடியும் தணிந்து, கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டியபின், வேப்பிலை இட்ட நீரில் பிள்ளையை முழுகவார்ப்பார்கள். வீட்டாரின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும். இத்தனை நாளும் அப்பிள்ளையின் உடலுக்குள் நின்று போராடியது யார்? இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதியை அறிஞர் கண்டறிந்தது அண்மைக் காலத்திலேதான்.

மருத்துவ வரலாற்றிலே பண்டத்தரிப்புக்கு ஒரு பழைய இடம் உண்டு. நியூயோர்க் நகரில் வைத்தியத் தொழில் புரிந்த ஜோன் ஸ்கடர் என்பவர், 1819ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை சேர்ந்து, அடுத்த ஆண்டு பண்டத்தரிப்பிலே தமது பணியைத் தொடங்கினார். பிற்காலத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் இவருடைய பேர்த்தியே ஆவார். ஸ்கடர் காலத்து வைத்தியர் நோயாளியின் வெப்பத்தைத் தணிக்க முயன்றனர், புண்ணுக்கு மருந்திட்டனர். ஆனால் வைரசு என்பது யாதென்பதை அன்று எவரும் அறியார். ஒரே வீட்டில் ஒரே நோய் கண்ட இருவருள் ஒருவர் தேறுவதும் மற்றவர் மடிவதும் ஏன் என்பதும் அவர்களுக்கு விளங்காப் புதிராகவே இருந்தது.

1975ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரிலே கீஸ்லிங், ஈவா கிளைன், விக்செல் என்னும் ஆய்வாளர் எலிகளின் வெண்குழியங்களை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவற்றுள் ஒரு வகை, முன்பழக்கம் எதுவும் இல்லாமலே புற்றுநோய்க் கலங்களைக் கொல்வதை அவர்கள் கண்டனர். அதே காலத்தில் அமெரிக்காவிலே ஹேர்பர்மன் குழுவினரும் இதனைக் கண்டறிந்தனர். இவற்றுக்கு இயற்கைக் கொல்கலங்கள் என்று பெயர் இட்டனர். பெயர் கொடிது, தொழிலோ காவல். என்பு மச்சையிலே பிறக்கும் இவை, குருதியிலுள்ள நிணநீர்க்குழியங்களுள் நூற்றுக்கு 5 முதல் 15 வரையாகும்.

உடலிலே வேறு காவலரும் உளர். ரி-கலங்கள் என்னும் நிணநீர்க்குழியங்கள், ஒவ்வொரு பகையின் அடையாளத்தையும் தனித்தனியே அறிந்து தாக்குபவை. ஆயினும், முன்பு கண்டிராத பகையை அறிந்து, பெருகி, களத்துக்கு வர அவற்றுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். வைரசோ அதுவரை காத்திருப்பதில்லை. அந்த முதல் நாட்களில் முன்னின்று பொருவனவற்றுள் முக்கியமானவை இயற்கைக் கொல்கலங்களே.

பகைவனை முன்பு அறியாத காவலன் அவனை எவ்வாறு கண்டுபிடிப்பான்? முற்காலத்தில் நம் ஊர்களில் மாடுகளுக்குக் குறிசுடுவார்கள். குறியைக் கண்டால் இன்னாருடைய மாடு என்று தெரியும். குறியில்லாத மாட்டின்மேல் ஐயம் எழும். நம் உடற்கலங்கள் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பிலும் அத்தகைய புரதக் குறி ஒன்று உண்டு. ரி-கலங்கள் உள்ளிருக்கும் வைரசின் துணுக்குகளை அறிவது அக்குறியின் வழியாகவே. இதனால் சில வைரசுகள், தாம் புகுந்த கலத்தின் குறியை மறைத்துவிடுகின்றன; கொப்புளிப்பான் வைரசும் அத்தகையதே. ரி-கலங்களின் கண்ணுக்குத் தப்பிய அந்தச் சூழ்ச்சியே இயற்கைக் கொல்கலத்திடம் அகப்பட வைக்கிறது. குறி இருந்தால் அது கையை அடக்கிக்கொள்ளும். குறி இல்லையெனில், கலம் படும் இன்னலைக் காட்டும் வேறு அடையாளங்களையும் நோக்கித் தாக்கும். குறியின்மையே காட்டிக்கொடுக்கும் என்னும் இக்கருத்தைச் சுவீடனின் கார்ரே என்பவரும் துணைவரும் 1986இல் ஆய்வால் நிறுவினர்.

தாக்கும் முறையும் வியப்புக்குரியது. கொல்கலம் நோயுற்ற கலத்தோடு ஒட்டிநின்று, ஒரு புரதத்தால் அதன் சுவரிலே நுண்துளை இடும். வேறு புரதங்களை அத்துளைவழி செலுத்தும். அக்கலம் தானே தன்னை அழித்துக்கொள்ளும். உள்ளே பெருகிக்கொண்டிருந்த வைரசுக்குத் தொழிற்சாலை இல்லாமற் போகும். அத்துடன் இன்ரபெரோன் என்னும் பொருளைச் சுரந்து, ஏனைய காவலரையும் அது தட்டி எழுப்பும்.

இக்காவல் இல்லாவிடின் நேர்வது என்ன? 1989இல் அமெரிக்க மருத்துவர் ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் நிலையை எழுதி வெளியிட்டனர். அவளுடைய குருதியில் இயற்கைக் கொல்கலங்கள் இல்லை. பிற பிள்ளைகள் இரண்டு கிழமையிற் கடந்துவிடும் கொப்புளிப்பான் அவள் உயிருக்கே உலைவைக்க வந்தது. அதன்பின் அதே இனத்தைச் சேர்ந்த வேறு வைரசுகளும் அவளை மாறி மாறி வருத்தின. நம் வீட்டுப் பிள்ளை எளிதாகத் தேறுவது எத்துணைப் பெரிய காவலின் பயன் என்பதை அந்த ஒரு பெண்ணின் துன்பம் உலகுக்கு உணர்த்தியது.

ஆதலின், எல்லா வீட்டிலும் காவல் ஒரே வலிமையுடையதன்று என்பதை மறத்தலாகாது. கருவுற்ற தாய்மார், பச்சிளங் குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர் ஆகியோரைக் கொப்புளிப்பான் கண்ட பிள்ளையிடமிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே நோய் பிறருக்குத் தொற்றத் தொடங்கும். எல்லாம் பொருக்குத் தட்டும்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது. பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுத்தல் தீங்கு. மூச்சு வாங்கினாலோ, மயக்கம் கண்டாலோ, காய்ச்சல் தணியாவிட்டாலோ, முழுகவார்க்கும் நாள் வரட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். வைரசைத் தடுக்கும் மருந்துகள் உண்டு; அவை காலத்தோடு தொடங்கினாலே நன்கு பயன்படும்.

படலையில் வேப்பிலை இருக்கட்டும். அது அயலவரை எச்சரிக்கும் நல்ல வழக்கம். உள்ளே, கண்ணுக்குத் தெரியாத காவலர் தம் கடமையைச் செய்துகொண்டிருப்பர். அவர்களுக்குக் கைகொடுப்பதும், காவல் குறைந்தவரைக் காப்பதும் வீட்டாரின் கடமையாகும்.