கால்நடைக் கல்வியின் இன்றியமையாமை

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். ஆனிரையையே செல்வமாகக் கொண்டு வாழ்ந்த நம் முன்னோர் வகுத்த வழக்கு அது. நம் மரபினருள் பலர் இன்றும் கறவை வைத்துப் பிழைக்கின்றனர். அவற்றின்பால் நமக்குள்ள அன்பு சிறிதும் குறைந்திலது. ஆயின், அன்பு மட்டும் அவற்றைக் காக்குமோ? காவாது, அன்போடு அறிவும் கூடுதல் வேண்டும் என்பதே யான் இன்று கூற விழைவது.

வெக்கை நோயை எண்ணிப் பாருங்கள். ஒரு தொழுவத்துட் புகுந்தால் ஊர் மாடுகள் அனைத்தையும் வாரிக்கொண்டு போன கொடுநோய் அது. நம் நாட்டார் மட்டுமன்றி ஐரோப்பியரும் ஆப்பிரிக்கரும் அதனால் தொழுவம் வெறுமையுற்று வருந்தினர். அழுதும் தொழுதும் அது நீங்கிற்றில்லை. 1761-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் பூர்கெலா என்பார் கால்நடை மருத்துவப் பள்ளி கண்டதற்கு இந்நோயின் கொடுமையும் ஒரு காரணம். பின்வந்த அறிஞர் பலர் ஆராய்ந்து தடுப்பு மருந்து கண்டனர். நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டில் ஒழிப்புத் திட்டம் தொடங்கி, ஊர்தோறும் தடுப்பூசி இட்டனர். 2011-ஆம் ஆண்டில், உலகத்தினின்றே வெக்கை ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. மாந்தர் வேரோடு களைந்த நோய்கள் பெரியம்மையும் வெக்கையும் ஆகிய இரண்டே. கல்வி செய்த உதவி இது.

நிற்க. இனி நம் வீட்டுத் தொழுவத்துக்கு வருவோம். பசு ஈன்றபின் நஞ்சுக்கொடி விழுமளவும் கன்றுக்குச் சீம்பால் ஊட்டலாகாது என்பது சில இல்லங்களில் இன்றும் உள்ள வழக்கம். தீங்கு கருதிச் செய்வதன்று. ஆயினும் தீங்கே பயக்கும். பசுவின் குருதியிலுள்ள நோய் எதிர்க்கும் ஆற்றல் கருவிலிருக்கும் கன்றுக்குச் செல்வதில்லை; சீம்பால் வழியாகவே செல்லும். கன்றின் குடல் அதனை ஏற்பதும் முதற் சில மணி நேரமே. ஒரு நாள் கழிந்தால் அவ்வாயில் அடைபடும். ஆதலின் ஈன்ற ஒரு மணிக்குள் ஊட்டத் தொடங்குக. இருபத்தைந்து கிலோ எடையுள்ள கன்று முதல் நாளில் இரண்டரைக் கிலோ சீம்பால் உண்ணல் வேண்டும். கன்று முட்டிக் குடிக்குங்கால் கருப்பை சுருங்கும். அது நஞ்சுக்கொடி விழுதற்கும் துணையே. தாய்மார்களே! கன்று உண்டு எஞ்சியதை நாம் உண்போம்.

இனப்பெருக்கத்திலும் இத்தகைய கருத்து வேண்டும். நம் மக்கட்கு மணம் பேசுங்கால் எத்துணை வினவுகின்றோம்! குலமும் கோத்திரமும் ஆராய்கின்றோம். நெருங்கிய உறவாயின் விலக்குகின்றோம். பசுவுக்கோ எனின், எக்காளை என்று கேட்பாரும் இலர். ஒரு பொலிகாளையையே பல்லாண்டு ஊரில் வைத்திருந்தால் அது தன் மகளோடே கூடும், பிறக்கும் கன்றுகள் நலிவுறும், பாலும் குறையும். காளையின் தோற்றம் மட்டும் கண்டு மயங்காது, அதன் தாய் கறந்த பாலின் அளவையும் கேட்டறிக. சினையூசி இடுவித்தால் நாளையும் காளையின் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க.

இறுதியாக ஒன்று. "மாட்டு வைத்தியமா படிப்பது?" என்று மக்களைத் தடுக்கும் பெற்றோர் நம்முள் உளர். மாந்தர் தம் நோயை வாய்திறந்து உரைப்பர். வாயில்லாச் சீவன் உரையாது. அதன் நோயை அறிந்து தீர்ப்பது அரிய கல்வியன்றோ? சென்னையில் 1903-ஆம் ஆண்டிலேயே இதற்குக் கல்லூரி தோன்றியது. 1989-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு இது. இதனை விழையும் மாணவர்க்கும் மாணவியர்க்கும் நம் சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு பங்கு ஒதுக்குமாறு ஆட்சிக் குழுவினரைப் பணிவோடு வேண்டுகின்றேன்.

நம்மை வாழ்விக்கும் ஆனினத்தைப் பொங்கலன்று ஒரு நாள் வழிபடுவதோடு அமையாது, ஆண்டு முழுதும் அறிந்து பேணுவோமாக.